பொன்னேரியில் இறங்கியவனின் தோணி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரசம் சாதத்துக்கும் தூக்கத்துக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போகிற நேரம். அடுத்த அறையில் மகள் யாழினி கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து நாலைந்து ஊர்களை ஒன்றாக அதட்டிக்கொண்டிருந்தாள். அவளும் கல்லூரித் தோழிகளும் ஒரு கதை விளையாட்டு ஆடுகிறார்கள். ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக உலவுவார்கள். ஆபத்தான இடம் வந்தால் பகடை உருட்டித் தலைவிதியைத் தெரிந்துகொள்வார்கள். கதை சொல்கிறவள் யாழினிதான். குரலை வைத்தே சொல்லலாம்.

கதவருகில் வந்து நின்றாள். "ப்பா, ஒரு டவுட்டு. ஊத்துக்கோட்டைல கரண்ட் இல்லையாம், நிஷா வரல. இன்னொருத்தி அவங்க சித்தி வீட்டு ஃபங்ஷன்ல மாட்டிக்கிட்டா. ரெண்டு பேரோட கேரக்டரையும் என்ன பண்றதுன்னே தெரியல."

"தோணியில படுக்க வை," என்றேன். பாதித் தூக்கத்தில் வாயிலிருந்து தானாக வந்த பதில்.

"எந்தத் தோணில?"

அதற்குள் அவளை யாரோ திரையில் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். நான்தான் மாட்டிக்கொண்டேன். எந்தத் தோணி என்று உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன், நண்பரே. தூக்கம் எப்படியும் போய்விட்டது.

முதலில் ஞாபகத்துக்கு வந்தது தோணி அல்ல, டிபன் பாக்ஸ் மூடியின் உட்புறத்து வாசனை. எவர்சில்வருக்கு வாசனை கிடையாது என்பார்கள். காலையில் அடைத்த சாம்பாரும், ஆலைக் குழாயில் அரைகுறையாகக் கழுவிய தண்ணீரும், கையில் ஒட்டியிருந்த மெஷின் எண்ணெயும் சேர்ந்து மூடிக்குள் ஒரு வாசனையைக் குடிவைத்துவிடும். அதன்மேல் ஒரு இரும்புத் துண்டு உருளும் சத்தம். கடகடகட, டக். இந்த இரண்டும் சேர்ந்தால் எனக்கு இன்றைக்கும் ரயில் நிற்கிற மாதிரி இருக்கும்.

ரயில் என்றால் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகிற மின்சார ரயில். காலை ஷிப்ட் முடிந்து ஆலைகள் எங்களை இரண்டு மணிக்கு வெளியே உமிழும். வெயிலில் ஸ்டேஷன் வரை நடந்தால் காற்றில் ஒரு புளித்த நெடி கூடவே வரும். எந்த ஆலையுடையது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் பக்கத்து ஆலையைக் கை காட்டுவார்கள். கடைசியிலிருந்து இரண்டாவது பெட்டியில், கடல் பக்கத்து ஜன்னல் ஓரமாக எதிரெதிர் இருக்கைகளில் நாங்கள் நான்கு பேர்.

நான் ஒரு உருக்காலையின் ஆய்வகத்தில் இரும்பை உடைத்து அதன் குணத்தை எழுதிவைக்கிறவன். இரும்பை உடைத்த நேரம் போக மிச்ச நேரத்தில் கவிதை மாதிரி எதையோ எழுதி, நானே படித்து, நானே தலையாட்டிக்கொண்டவன். சீனு அதே ஆலையின் கிரேன் ஓட்டுநர், எங்களில் மூத்தவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரையும் நைனா என்பார். விமலா பக்கத்து மருந்து ஆலையில் மாத்திரை அட்டை அடுக்குகிறவள். யாருக்கும் பயப்படாத நாக்கு. நாலாவது தாஸ். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பையன், எங்கள் ஆலையில் கான்ட்ராக்ட் கூலி, எங்களில் இளையவன். முதல் மாதம் என்னை சார் என்றான், அப்புறம் அண்ணா என்றான், அதற்கப்புறம் வெறும் 'ண்ணா' தான் மிஞ்சியது.

விளையாட்டு வந்த கதை சின்னது. சென்ட்ரல் பக்கம் பழைய புத்தகக் கடையில், உள்ளே இருந்த ஒரு கப்பல் படத்துக்காக அட்டையில்லாத ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். அது கதைப் புத்தகமில்லை, கதை ஆடுவதற்கான விதிப் புத்தகம் என்பது பேசின் பிரிட்ஜ் தாண்டித்தான் புரிந்தது. பாதிப் பக்கங்கள் இல்லை. இருந்த பாதியில் எனக்குப் புரிந்தது பாதி. மறுநாள் ரயிலில் அந்தக் கால்வாசியை வைத்துக்கொண்டு, "நீங்க மூணு பேரும் ஒரு பெரிய ஏரிக்குள்ள இருக்கீங்க. ஏரி முழுக்கத் தீவு. ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரம் எங்கயோ கெழக்க இருக்கு. அதத் தாண்டுனா ஒரு வெளக்கு தெரியும்," என்று ஆரம்பித்தேன்.

"இன்னா வெளக்கு?" என்றாள் விமலா.

"தாண்டுனாத்தான் தெரியும்."

"பாரு, இப்பவே பிகு பண்றாரு லேப்காரரு."

ஆனால் ஏறிக்கொண்டாள். மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள். விமலா மூலிகைக்காரி ஆனாள். சீனு ஊரைவிட்டு ஓடிவந்த ஒரு தளபதி. தாஸ் யோசிக்கவே இல்லை. "நான் தோணிக்காரன்ண்ணா. தோணி என்னுது."

பகடைக்கு சீனு வழி செய்தார். ஆறு பட்டை இரும்புக் கம்பியில் ஒரு விரற்கடை அறுத்து, ஒவ்வொரு பட்டையிலும் எண் பொறிக்கிற உளியால் ஒன்றிலிருந்து ஆறு வரை அடித்துக் கொண்டுவந்தார். கட்டை என்று பேர் வைத்தோம். டிபன் பாக்ஸ் மூடிதான் களம். முதல் நாளே ஒரு சிக்கல். ஓடுகிற ரயிலில் கட்டை நிற்காது. ஆறு விழுந்தது என்று தாஸ் கத்துவதற்குள் ஒரு தண்டவாள இணைப்பு வந்து அதை மூன்றாக்கிவிடும். அப்புறம் யார் போட்டது, தாஸா, ரயில்வேயா? அதனால் ரயில் நிற்கும்போதுதான் கட்டை போட வேண்டும் என்று முடிவானது.

இந்த ஒரு முடிவு எங்கள் கதையின் மூச்சையே மாற்றிவிட்டது. ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே ஆபத்தை வளர்த்துக்கொண்டு போவேன். அலை எழும், பாம்பு படமெடுக்கும், தீவுக்காரர்கள் வேல்கம்போடு சூழ்ந்து நிற்பார்கள். அவர்கள் வேல்கம்பை ஓங்கியபடி அப்படியே காத்திருக்க, ரயில் மெல்ல வேகம் குறைந்து நிற்கும். அந்த ஒரு நிமிட அமைதியில் கட்டை உருளும். கடகடகட, டக். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட மீஞ்சூருக்கு முன்னால் வண்டியை நிறுத்திப்போட்டால் பெட்டி முழுக்க ரயில்வேயைத் திட்டும். நாங்கள் மட்டும் கும்பிடு போடாத குறையாக அடுத்தடுத்துக் கட்டை போடுவோம். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் ஜன்னலில் அசையாமல் நிற்கும். அந்தப் புகையில் நான் எத்தனை தீவு வரைந்திருக்கிறேன் என்பது ஜன்னல் கம்பிக்குத்தான் தெரியும்.

இப்போது என் மடத்தனத்துக்கு வருகிறேன். வடக்கேயிருந்து வருகிற வண்டியில் முதலில் கவரைப்பேட்டை, அடுத்தது பொன்னேரி. பொன்னேரியில் தாஸ் இறங்கி பழவேற்காட்டு பஸ் பிடிக்க வேண்டும். அதாவது நாலு பேரில் முதலில் இறங்குகிறவன் அவன், இரண்டே ஸ்டேஷன்தான் அவனுக்குக் கதை. மொத்தக் கதைக்கும் இருந்த ஒரே தோணியை நான் அவனிடம்தான் கொடுத்திருந்தேன்.

முதல் நாள் அவன் இறங்கியதும் சீனு சாவகாசமாக, "சரி, தோணிய எடு நைனா, போலாம்," என்றார்.

விமலா கையை நீட்டித் தடுத்தாள். "யார் தோணிய யார் எடுக்கறது? ஆள் இல்லாதப்ப இன்னொருத்தர் சைக்கிளையே எடுக்கக்கூடாது. கேக்கணும்."

"கதையில கூடவா?"

"கதையில இன்னும் கூட."

ஆக, பொன்னேரி தாண்டினால் தோணி நகராது. நான் என்ன செய்வேன்? பொன்னேரிக்குக் கொஞ்சம் முன்னால் தினமும் ஒரு தீவைக் கொண்டுவந்து நிறுத்தினேன். தாஸ் தோணியைக் கரையில் கட்டிவிட்டு இறங்குவான். மற்ற இரண்டு பேரும் மீஞ்சூர் வரை தீவுக்குள் நடந்தே அலைவார்கள். மீஞ்சூரில் விமலா இறங்குவாள். அப்புறம் திருவொற்றியூர் வரை சீனுவின் தளபதி தனியாக ஏதாவது ஒரு மரத்தடியில் எதிரியில்லாமல் கத்தி தீட்டிக்கொண்டிருப்பார். அதற்கும் அப்பால் என் ஸ்டேஷனான கொருக்குப்பேட்டை வரை நானும் காலி இருக்கைகளும். பெரிய கடல் கதையாக நான் நினைத்தது, ஒருவன் சீக்கிரம் இறங்கிவிடுகிற ஒரே காரணத்தால் தீவுதீவாக நடக்கிற கதையாக மாறியது. உப்பு மட்டுமே விளையும் தீவு, நாய்கள் ஆளும் தீவு, எல்லாரும் முதுகு காட்டியே பேசுகிற தீவு. எல்லாம் தாஸ் இல்லாத நேரத்தில் முளைத்தவை.

பொன்னேரியில் தாஸ் இறங்குவதே ஒரு கூத்து. வண்டி நிற்கும்போதுதான் கட்டை போடலாம், வண்டி நிற்கும்போதுதான் அவன் இறங்கவும் முடியும். எழுந்து, பையை மாட்டி, நின்றபடியே கட்டையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் பாய்வான். கட்டை உருண்டு நிற்பதற்குள் அவன் பிளாட்பாரத்தில் இருப்பான். வண்டி நகரும். ஜன்னலோடு சேர்ந்து ஓடிவருவான்.

"இன்னா விழுந்துச்சுண்ணா?"

"அஞ்சு!"

அப்போது அவன் முகம் விரிகிற விதத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று விழுந்த நாளில் விமலா, "நாலு, நாலு, போய்ச் சாப்புடு," என்று பொய் சொல்லி அனுப்பியதும் உண்டு. மறுநாள் உண்மை தெரிந்ததும் அவளிடம் அவன் போட்ட சண்டையில் கவரைப்பேட்டையே வந்துபோனது தெரியவில்லை.

இல்லாதவர்களின் பாத்திரத்தை என்ன செய்வது என்று என்னிடமிருந்த புத்தகத்தில் இல்லை. கிழிந்த பாதியில் இருந்ததோ என்னவோ. வயிற்றுவலி வரவைத்துப் பார்த்தேன். ஒரே வாரத்தில் தாஸுக்கு தினமும் வயிற்றுவலி. "நான் மீன் துன்றவன்ண்ணா, எனக்கு எதுக்கு வவுத்த வலி?" என்றான். அடுத்து, இருப்பவர் இல்லாதவருக்காக ஆடலாம் என்று வைத்தேன். அது விமலா தன் அக்கா வீட்டு வளைகாப்புக்கு விடுப்புப் போட்ட நாள். மூலிகைக்காரியைச் சீனு பார்த்துக்கொண்டார். மறுநாள் விமலா வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து எனக்கு இன்னா ஆச்சு?"

தாஸ் ஜன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்த்தான். சீனு தொண்டையைச் செருமினார். "ஒண்ணுமில்ல நைனா. மூலிகைக்காரிக்குத் தளபதி மேல ஒரு இது வந்துச்சு. கட்டையும் ஆறு விழுந்துச்சு. அதான்…"

"அதான்?"

"மாலை மாத்திக்கினாங்க."

பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "யோவ், மனுஷி ஒரு நாள் லீவு போட்டா கல்யாணமேவா பண்ணி வெச்சிடுவீங்க? ஊட்ல மூணு புள்ள வெச்சிக்கினு உனக்கு இன்னாய்யா தளபதி!" எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்த மீன்கூடைக்கார அம்மாள் விஷயம் என்னவென்று தெரியாமலே விமலாவுக்கு ஆதரவாகச் சீனுவை முறைத்தாள். அந்தக் கல்யாணத்தைக் கலைக்க எனக்கு மூன்று ஸ்டேஷன் ஆனது.

அன்றைக்கு விமலா ஒரு சட்டம் போட்டாள். வராதவர்கள் தோணியில் தூங்குவார்கள். தூங்குகிறவர்களை யாரும் தொடக்கூடாது, எழுப்பக்கூடாது, அவர்கள் சார்பில் வாய் திறக்கக்கூடாது. தூங்குகிறவர்களுக்குச் சாவு கிடையாது. அவர்கள் வந்த பிறகு, தூங்கும்போது நடந்ததை மற்றவர்கள் சொல்ல வேண்டும்.

கடைசி விதிதான் அமுதம். கும்மிடிப்பூண்டியில் வண்டி கிளம்பியதும் தாஸ் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேட்பான். "நான் தூங்கிக்கினு இருக்கச்சொல்ல இன்னா ஆச்சு?" ஒரே சம்பவத்தைச் சீனு ஒரு மாதிரியும் விமலா வேறு மாதிரியும் சொல்வார்கள். சீனு சொன்னதில் தளபதி பத்துப் பேரை வீழ்த்தியிருப்பார். விமலா சொன்னதில் அதே தளபதி ஆட்டுக்குப் பயந்து மரமேறியிருப்பார். தாஸ் சிரித்தபடி இரண்டையும் நம்புவான். உண்மையில் என்ன நடந்தது என்று கதை சொன்ன எனக்கே குழம்பிவிடும். நான் கூட இருந்து பார்த்த கதையைவிட, அவன் தூங்கும்போது நடந்ததாக அவர்கள் சொன்ன கதைதான் இப்போது என் ஞாபகத்தில் நிற்கிறது.

தாஸுக்கு அந்தத் தோணி ஏன் அவ்வளவு முக்கியம் என்பது ஒரு நாள் பேச்சோடு பேச்சாக வந்தது. கதையில் காற்று மாறியதாகச் சொன்னேன். "எந்தக் காத்துண்ணா? வாடையா, கச்சானா?" என்று கேட்டான். எனக்குக் காற்று என்றால் காற்றுதான். வாடை என்றேன். "அப்ப கழியப் போடாத. சும்மா வுடு, அதுவே இட்டுக்கினு போவும்." அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் அப்பாவின் படகு பலகை விட்டுப்போய்க் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. ஆடுகள் அதன் நிழலில் படுக்கின்றன. அதைச் சரிபண்ணி மறுபடி தண்ணீரில் இறக்கத்தான் இரும்பு வேலைக்கு வந்தான். "போட்டு தண்ணியில எறங்கிட்டா நான் இந்தப் பக்கமே வரமாட்டேண்ணா. நீங்க மூணு பேரும்தான் என்ன ஏரிக்கு வந்து பாக்கணும்." "அதுவரைக்கும் இது இருக்குதுல்ல," என்று டிபன் பாக்ஸ் மூடியை விரலால் தட்டினான்.

அதற்கப்புறம் அவன் தோணியை நாங்கள் பார்த்த பார்வையே மாறிவிட்டது. தீவில் சண்டை என்றால் சீனு முதலில், "தோணி பத்திரமா கீதா?" என்பார்.

கதை முகத்துவாரத்தை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் தாஸை மத்தியான ஷிப்டுக்கு மாற்றினார்கள். நாங்கள் ஆலையை விட்டு வெளியே வரும்போது அவன் உள்ளே போவான். ஆலை வாசலில் வருகை அட்டை அடிக்கிற இடத்தில் ஒரு நிமிடம்தான் சந்திப்பு. விளையாட்டிலிருந்து அவன் மொத்தமாக விழுந்துவிட்டான் என்று நினைத்தேன். சீனு கட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். காவலாளியின் பெஞ்சில் தாஸ் கட்டையைப் போட்டான். காவலாளி ஒன்றும் கேட்கவில்லை. இரும்பு ஆலையில் இரும்பை உருட்டுவதில் என்ன அதிசயம்?

"நாலு. சொல்லிடு சீனுண்ணே. கெழக்க திருப்பிக்கினு போங்க. மண்மேடு வந்தா நிறுத்திடுங்க."

சீனு அந்த நாலைப் பத்திரமாக ரயிலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். ஆள் தோணியில் தூங்கிக்கொண்டிருப்பான், தூக்கத்திலேயே தோணியை ஓட்டுவான். இப்படி ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டினான். முகத்துவாரத்தின் வெள்ளை அலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டோம். அன்றைக்கு விமலாவும் எங்கள் ஆலை வாசலுக்கு வந்திருந்தாள். தாஸ் கட்டை போடவில்லை. "மொகத்துவாரத்த நான் இல்லாம தாண்டாதீங்க. அடுத்த மாசம் காலை ஷிப்டு தர்றேன்னுக்கீறாங்க. நானே வந்து தாண்டுறேன். இன்னா?" என்று மூன்று பேர் கையிலும் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினான்.

அடுத்த மாதம் அந்தக் கான்ட்ராக்டே முடிந்துபோனது. அந்தக் கூட்டத்தில் ஒருவரும் திரும்பி வரவில்லை. தாஸிடம் அப்போது போன் கிடையாது.

தோணியை முகத்துவாரத்துக்கு முன்னால் ஒரு கழியில் கட்டி வைத்தேன். உள்ளே தாஸ் தூங்குகிறான். கரை மணலில் மூலிகைக்காரியும் தளபதியும் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். தினமும் பனி என்றேன், அலை என்றேன், மண் அடைத்துவிட்டது என்றேன். சொல்வதற்கு இருந்த தடைகள் எல்லாம் தீர்ந்த பிறகு ஒரு நாள் எதுவுமே சொல்லாமல் மூன்று பேரும் மீஞ்சூர் வரை வந்தோம். கட்டை சீனுவின் பையில் கிடந்தது.

"பேஜாரா கீது நைனா," என்றார் சீனு. "நான் ஓட்றேன் தோணிய. கதைதான?"

"கேக்கணும்," என்றாள் விமலா.

"எங்க போய்க் கேக்கறது?"

"அவன் ஊட்ல போய்த்தான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பொன்னேரியில் மூன்று பேரும் இறங்கினோம். ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்த பிளாட்பாரத்தில் நான் கால் வைத்தது அன்றுதான். பழவேற்காட்டு பஸ்ஸில் விமலா இனிப்புப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பெண் பார்க்கப் போகிற மாதிரி இருந்தது. கதையில் கட்டி வைத்திருக்கிற ஒரு தோணிக்கு அனுமதி கேட்க மூன்று பேர் விடுமுறை நாளில் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போகிறோம் என்று கண்டக்டரிடம் சொல்லியிருந்தால் பாதி வழியில் இறக்கிவிட்டிருப்பார்.

தாஸ் கரையில் யாருடைய வலையையோ உதறிக்கொண்டிருந்தான். வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறானாம். எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து சீனுவைக் கட்டிக்கொண்டான். சட்டையெல்லாம் செதில். அப்பாவின் படகு எங்கே என்று விமலா கேட்டாள். கை காட்டினான். மணலில் படகின் நீளத்துக்கு ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. மழையில் நனைந்து இற்றுப்போனதை அடுப்புக்குப் பிரித்துவிட்டார்களாம். ஆடுகள் பழக்கதோஷத்தில் அந்தப் பள்ளத்திலேயே படுத்திருந்தன. நிழல் மட்டும் இல்லை.

தேநீர் வந்தது. கடைசியில் சீனுதான் தரையைப் பார்த்துக்கொண்டு, "தோணிய கேக்க வந்தோம் தாசு. மொகத்துவாரம் தாண்டணும்ல. உன்ன எழுப்ப மாட்டோம். நீ பாட்டுக்குப் படுத்துக்கோ, நான் ஓட்டிக்கினு போறேன்," என்றார்.

தாஸ் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஏரியைப் பார்த்தான். தேநீர்க் கிளாஸில் ஆடை படிகிற வரைக்கும் பார்த்தான்.

"தரமாட்டேண்ணே," என்றான். "கோச்சுக்காதீங்க. கரையில இருந்தது போய்ட்ச்சு. அதுவாச்சும் எனக்குக் கெடக்கட்டும்."

சீனு அவன் தோளில் கை வைத்தார். விமலா இனிப்புப் பொட்டலத்தைப் பிரித்து அவன் வாயில் ஒன்றைத் திணித்தாள். "கெடக்கட்டும்டா. யாரும் தொடமாட்டோம்." அவ்வளவுதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒருவர் முகத்திலும் வருத்தம் இல்லை என்பதுதான் ஆச்சரியம். சொந்தக்காரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான், அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

ஆனால் கதை அதற்கப்புறம் நகரவில்லை. நகராத கதையில் எத்தனை நாள் மணலில் உட்கார்ந்திருப்பது? விமலாவின் ஆலை தனி பஸ் விட ஆரம்பித்தது. கடைசியாக ரயிலில் வந்த நாளில் மீஞ்சூரில் எழுந்து நின்று, "நானும் தோணில ஏறிப் படுத்துக்கறேன். கல்யாணம் கில்யாணம் பண்ணி வெக்காதீங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். சீனு ஆந்திர எல்லையில் இருக்கிற தடாவுக்கு அந்தப் பக்கம் வேறு வேலை கிடைத்துப் போனார். திருவொற்றியூரில் இறங்கும்போது கட்டையை என் கையில் திணித்தார். "தளபதிக்கும் தூக்கம் வந்துட்ச்சு நைனா." கொருக்குப்பேட்டை வரை கட்டையைக் கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வியர்வையில் இரும்பு மணத்தது. வண்டி நின்ற எந்த ஸ்டேஷனிலும் நான் அதைப் போடவில்லை. போட ஆளில்லாத கதையில் எண்ணுக்கு என்ன வேலை?

ஊர் மாறி, வேலை மாறி, வீடு மாறி, கட்டை எங்கே தொலைந்தது என்றே தெரியவில்லை. கடைசியில் பொன்னேரியிலேயே குடிவந்துவிட்டேன். ஏன் இங்கே என்று கேட்டவர்களிடம் வாடகை குறைவு என்று சொன்னேன். தோணி மட்டும் அங்கேயே இருந்தது. கண்ணை மூடினால் போதும். முகத்துவாரத்துக்கு முன்னால் ஒரு கழி, கழியில் ஒரு கயிறு, கயிற்றில் தோணி, தோணிக்குள் மூன்று பேர் தூங்குகிறார்கள். தண்ணீர் ஏறும்போது கொஞ்சம் ஏறுவார்கள். இறங்கும்போது கொஞ்சம் இறங்குவார்கள். மனசு சரியில்லாத நாட்களில் நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடம் அது. யாரும் விழித்துக்கொள்ளாமல், சத்தமில்லாமல்.

இதையெல்லாம் யாழினியிடம் சாயங்காலம் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். அப்புறம் கேட்டாள், "அந்தத் தோணி சும்மாத்தானப்பா நிக்குது? நாங்க எடுத்துக்கட்டா? எங்க ஆளுங்களும் ஒரு ஏரி தாண்டணும். நிஷாவையும் அவளையும் படுக்க வெக்க இடம் வேணும்."

வாய் வரை வந்த 'எடுத்துக்கோ'வை விழுங்கினேன். "என்னுது இல்லம்மா. கேக்கணும்."

சீனுவின் எண் இருந்தது. சீனுவிடம் யாரோ ஒருவரின் எண், அவரிடம் தாஸின் எண். கூப்பிட்டால் பின்னால் இயந்திரச் சத்தமும் காற்றும். காட்டுப்பள்ளித் துறைமுகம் பக்கம், பெரிய கப்பல்களை இழுத்து வருகிற படகில் கயிறு போடுகிற வேலையாம். "கப்பலாண்ணா அது? தெருவு. தெருவையே கயிறு கட்டி இஸ்துக்கினு வர்றோம்," என்றான். குரல் தடித்திருந்தது. 'ண்ணா' அப்படியே இருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னுமா அங்க கட்டி வெச்சிக்கினு கீற?"

"நீ குடுக்கலயே."

"மண்ணு அடைச்சிருக்கும்ண்ணா. தோண்டித்தான் எடுக்கணும்." அப்புறம் கேட்டான். "பாப்பாவா கேக்குது? எத்தினி பேரு?"

"அஞ்சு பேரு. ரெண்டு பேரு வரல."

"வராத பசங்கள அணியத்துல படுக்க வெக்க வேணான்னு சொல்லு. முன்னால தண்ணி அடிக்கும். நடுவுல, பலகைக்குக் கீழ படுக்க வெக்கணும்." எதையோ கணக்குப் போடுகிற மாதிரி நிறுத்தினான். "எடுத்துக்கினு போவட்டும்ண்ணா. மொதல்ல நம்ம ஆளுங்கள எறக்கி வுட்டுடு. வெய்யில் ஏறிட்ச்சு, எவ்ளோ நேரந்தான் தூங்குவாங்க?"

யாழினி காதை என் போனோடு ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவள், கேட்டதும் அறைக்குள் ஓடினாள். "தோணி கெடச்சிடுச்சுடி!" என்கிற சத்தம் வந்தது. அப்புறம் கதவு சாத்திக்கொண்டது.

கூடத்தில் தனியாக உட்கார்ந்து கண்ணை மூடினேன். மூலிகைக்காரியையும் தளபதியையும் தோணிக்காரனையும் ஒவ்வொருவராக எழுப்பி மணலில் இறக்கிவிட்டேன். சோம்பல் முறித்தார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்கள். தூங்கும்போது என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் எதைச் சொல்வது, எங்கேயிருந்து ஆரம்பிப்பது? ஆளுக்கொரு பக்கமாக மணலில் நடந்து போனார்கள். திரும்பிப் பார்த்தால் கழி இருக்கிறது, கயிறு உராய்ந்து தேய்ந்த வடு இருக்கிறது, தோணி இல்லை. இத்தனை வருஷம் எனக்கு இருந்த ஒரே கடற்கரை இப்போது வெறும் தண்ணீர்.

வீட்டிலிருந்து கேட்கிற தூரத்தில்தான் ஸ்டேஷன். கும்மிடிப்பூண்டி வண்டி வருகிறது. வேகம் குறைகிறது. பழக்கத்தில் பேச்சை, மூச்சை, எல்லாவற்றையும் நிறுத்திக்கொள்கிறேன். வண்டி நிற்கிறது. எதுவும் உருளவில்லை. கிளம்பிவிடுகிறது.